காந்தம் ஒட்டலைன்னா 304 ஸ்டீல்னு நம்பாதீங்க: மாடுலர் கிச்சன் போடுறவங்களுக்கு

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் குடியிருப்பவர்கள், மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பிளைவுட்டும் லேமினேட்டும் சொன்னபடியே வந்தன. ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான 710 முத்திரை போட்ட பலகை, குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் பலகையைத்தான் தட்டிப் பார்ப்பார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர் கை வைத்தது கூடை, கீல், சேனல் போன்ற ஹார்டுவேரில்.

ஷோரூமில் தட்டு அடுக்கும் கூடைமேல் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாத்தீங்களா மேடம், அசல் 304!" 304, 202 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிரேடுகள். 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது என்பதை அவர் சொல்லவில்லை. 304-ல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்புக்காற்று தாங்காது. இன்னொரு வேடிக்கை, இழுத்து வளைத்த நல்ல 304 கம்பியிலேயே சில சமயம் காந்தம் லேசாக ஒட்டும்.

முதல் மழைக்காலத்திலேயே கூடையில் வெல்டு வைத்த இடமெல்லாம் துரு. போன் செய்தால், "ஈரப் பாத்திரத்தை அப்படியே வைக்கிறீங்களா மேடம்? அதான்." பாத்திரக் கூடையில் வேறு எதை வைப்பதாம்?

ஸ்டீல் சோதிக்கும் திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை அதில் தொடவேண்டும். 202 என்றால் சிவக்கும். கூடை நன்றாகவே சிவந்தது. சிங்க்கில் விட்டுப் பார்த்தேன், சிவக்கவில்லை.

அடுத்தது கீல். கண்ணுக்கு நேரே இருக்கும் மேல் கதவுகளில் எல்லாம் ஒரிஜினல் சாஃப்ட் குளோஸ், அதாவது சத்தமில்லாமல் மெதுவாக மூடும் கீல். குனிந்து பார்க்க வேண்டிய கீழ்க் கதவுகளில், பிராண்டு பெயர் இருந்தது மேலே செருகிய சின்ன மூடியில் மட்டும். கதவு தொங்கி உரச ஆரம்பித்ததும் தெரிந்த கார்பென்டர் ஒருவர் வந்து மூடியை நெம்பிக் காட்டினார். உள்ளே ஒரு எழுத்துகூடப் பொறிக்கவில்லை. டிராயர் சேனலும் அதே கதைதான், விடுங்கள்.

சண்டைக்குப் போனால் கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டுகிறார்கள்: "அல்லது அதற்கு இணையான தரம்". அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். கீல், சேனல், கூடை ஒவ்வொன்றுக்கும் கம்பெனி, மாடல் எண், கிரேடு, எண்ணிக்கை எழுதி வாங்குங்கள். சரக்கு இறங்கியதும் அடுத்த தவணை கேட்பார்கள். பெட்டியைப் பிரித்து, மூடியைக் கழற்றிப் பார்த்து, கூடையில் சொட்டு விட்டபிறகு கொடுங்கள். காலிப் பெட்டிகளை அவர்கள் அள்ளிக்கொண்டு போக விடாதீர்கள். சோதிக்க விடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் கடையை அப்போதே விட்டுவிடலாம்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போடவேண்டும்.

நான் 1915-ல் பதிந்தபிறகு கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். புதுக் கூடை தருகிறார்களாம், அதுவும் 304-தானாம். பில்லில் 304 என்று எழுதித் தரமுடியுமா என்றேன். "அது கம்பெனி பாலிசி இல்லை மேடம்" என்கிறார்கள். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.