விதைப் பிள்ளையார் பெட்டி: மண்ணுக்கு ஐந்து நட்சத்திரம், அச்சுக்கு ஒன்று

போன வருஷம் விநாயகர் சதுர்த்திக்குப் பத்து நாள் இருக்கும்போது இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். குழந்தைகள் தாங்களே செய்யும் விதைப் பிள்ளையார் என்று போட்டிருந்தது. விலை 450 ரூபாய். உள்ளே ஒரு கிலோ களிமண் தூள், இரண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் அச்சு, மூன்று மரக்குச்சி, நாலு வண்ணக் குப்பி, ஒரு பொட்டலம் வெண்டை விதை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு.

மண் அருமையான மண். சலித்த தூள், ஒரு கல் கிடையாது. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்று செய்முறைத் தாளில் போடவில்லை. அரை லிட்டரை ஒரேயடியாக ஊற்றிவிட்டோம், பஜ்ஜி மாவாகிவிட்டது. வேட்டித் துணியில் மூட்டை கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்ட பிறகுதான் சப்பாத்தி மாவுப் பதம் வந்தது. நீங்கள் வாங்கினால் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள்.

அச்சில் மண்ணை அமுக்கித் திறந்தால் ஐந்து நிமிஷத்தில் பிள்ளையார். சின்னவன் கேட்டான், "அம்மா, அவ்வளவுதானா?" எனக்கும் அதே வருத்தம்தான். தாளில் சொன்னபடி வெயிலில் வைத்தோம். சாயங்காலம் தொந்தியில் குறுக்கே வெடிப்பு. உள்ளே கெட்டியாக மண் இருக்க, மேல்தோல் மட்டும் முந்திக் காய்ந்து சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

என் மாமியார் விளாச்சேரிக்காரர். மதுரைப் பக்கம் கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். வெடித்ததையே ஊறவைக்கச் சொன்னார். அச்சை எடுத்துப் பரணில் போட்டார். தொந்திக்கு உருண்டை பிடித்து, அடியில் கரண்டியால் குடைந்து உள்ளே வெற்றிடம் விட வைத்தார். தும்பிக்கை மூன்று தடவை விழுந்தது. "ரெண்டு பக்கமும் குச்சியால கீறு, சேத்தைத் தடவு, அப்புறம் அமுக்கு" என்றார் அத்தை. நாலாம் தடவை நின்றது. காது மெல்லிசு என்பதால் அதன்மேல் ஈரத்துணி போர்த்தி, நிழலில் நாலு நாள் காயவைத்தோம். ஒரு கீறல்கூட விழவில்லை. கண்ணுக்குக் குன்றிமணி வைப்பதுதான் வழக்கம். அது கடித்தால் விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். நாங்கள் மிளகு வைத்தோம்.

வண்ணம்தான் எனக்குக் கோபம். 'இயற்கை வண்ணம்' என்று அச்சடித்திருந்தார்கள். மீந்த மண்ணில் ஒரு துண்டுக்குப் பூசி, காய்ந்ததும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மண் கரைந்தது, வண்ணம் பிளாஸ்டிக் தோலாக உரிந்து மிதந்தது. பாரிஸ் சாந்துச் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மண்ணில் செய்துவிட்டு மேலே இதைப் பூசுவதில் என்ன நியாயம்? எங்கள் பிள்ளையாருக்கு மஞ்சளும் குங்குமமும் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் வாளியில் கரைத்தோம். நன்றாகக் காய்ந்த பிள்ளையார் அரை மணியில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டார். முந்தின நாள் மகள் பிடித்த மண் மோதகம் ஈரம் காயாததால் அப்படியே உருண்டையாகக் கிடந்தது. அதனால் கரைக்க நினைத்தால் முழுசாகக் காயவிடுங்கள். விதையைத் தொந்திக்குள் வைக்கச் சொல்கிறது தாள். அவ்வளவு கனத்த களிமண்ணுக்குள்ளிருந்து முளை எப்படி வெளியே வரும்? கரைந்த மண்ணைத் தோட்ட மண்ணோடு கலந்து, மேலாக ஊன்றினோம். ஆறில் நாலு முளைத்தது.

பெட்டியை மறுபடி வாங்கமாட்டேன். மரக்குச்சி மூன்றையும் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வருஷம் மண்ணுக்கு விளாச்சேரிக்கே போகிறோம், சின்னவன் இப்போதே எலியும் செய்யணும் என்கிறான்.