பழைய வண்டிக்கு செயினா, பெல்ட்டா? நான் பெல்ட் பக்கம்

போன வருஷம் இரண்டு லட்சத்துக்குள் ஒரு பழைய கார் தேடி மேடவாக்கத்திலிருந்து அம்பத்தூர் வரை அலைந்தபோது, பார்த்த புரோக்கர்கள் எல்லாரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினார்கள்: "சார், இது செயின் வண்டி, லைஃப்டைம், செலவே கிடையாது." இன்ஜினுக்குள் இருக்கிற டைமிங் செயினைத்தான் சொல்கிறார்கள், அந்த இடத்தில் ரப்பர் பெல்ட் வைத்த வண்டிகளும் உண்டு. கடைசியில் நான் வாங்கியது பெல்ட் வண்டி. 2009 சான்ட்ரோ ஜிங். மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கிற தண்டு கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அந்தக் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டுக்கும் வேலை. பெல்ட் என்பது உள்ளே இழை வைத்த ரப்பர், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் உலர்ந்தபடி ஓடும். செயின் இன்ஜினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்தபடி ஓடும். அம்பாசடர், பத்மினி காலத்தில் செயின்தான். மாருதி 800, ஜென், சான்ட்ரோ வந்தபோது பெல்ட் வந்தது, அப்புறம் 2008, 2010 வாக்கில் மறுபடி செயின் பக்கம் திரும்பிவிட்டார்கள். அதனால் வண்டிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆர்சியில் சிசி என்ன என்று பாருங்கள். ஐ10-ல் 1086 சிசி என்றால் பெல்ட், 1197 என்றால் செயின். பெட்ரோல் ஸ்விஃப்டில் 1298 பெல்ட், 1197 செயின். பழைய வேகன்ஆர் 1061 பெல்ட், அடுத்து வந்த 998 செயின். இது புரோக்கர் பாதிப் பேருக்கே தெரியாது.

சத்தம், மைலேஜ் பற்றியெல்லாம் பேச ஒன்றுமில்லை. பதினைந்து வருஷ வண்டியில் டாஷ்போர்டு கடகடப்பதைத் தாண்டி அந்த வித்தியாசம் யார் காதில் விழப்போகிறது?

நான் இழுத்துப் பேச விரும்புவது ஒரே விஷயம். செயின் "நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொல்வாரே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் கோர்க்கிற சின்ன இரும்பு ஊசி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. நூறு இணைப்பில் நூறு துளி தேய்ந்தால் மொத்த நீளம் கூடிவிடும். அழுக்கு ஆயில் அதைச் சீக்கிரம் தேய்க்கும். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆக, செயினின் ஆயுசு என்பது அந்த வண்டிக்கு இதுவரை யார் யார் எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதுதான். புது வண்டி வாங்குகிறவருக்கு அது கையில் இருக்கிறது. மூன்றாவது ஓனராக வாங்குகிற எனக்கு? சோழிங்கநல்லூர் சிக்னலில் ஏசி போட்டு நின்ற நேரமெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் வராது, இன்ஜின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதோடு மீட்டரைப் பின்னால் ஓட்டியிருந்தால், பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன் என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

பெல்ட்டுக்கும் பழைய கதை தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வாங்கின வாரமே மாற்றிவிட்டால் முன்னால் வைத்திருந்தவர் செய்த பாவமெல்லாம் கழிந்துவிடும், கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

ஆதம்பாக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் ஷெட்டில் அண்ணன் பத்து நம்பர் ஸ்பேனரால் மேல் மூடியைக் கழற்றினார். பெல்ட் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. "மாத்தணுமாண்ணே?" என்று சபலத்தோடு கேட்டேன். பதில் சொல்லவில்லை, வெளியே எடுத்து முதுகுப் பக்கமாக மடக்கிக் காட்டினார். பற்களுக்கு நடுவே மயிரிழை மாதிரி வெடிப்புகள், வரிசையாக. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் உருளையை விரலால் ஒரு சுண்டு சுண்டினார், அது காய்ந்த சத்தத்தோடு சர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது. "கிரீஸ் இருந்தா இப்படிச் சுத்தாது தம்பி." பெல்ட், டென்ஷனர், ஆயில் கசியாமல் தடுக்கிற கேம் சீல், கிராங்க் சீல், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 4,600 ரூபாய் ஆனது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. அதே அண்ணனிடம் நான் பார்த்துவைத்திருந்த ஒரு செயின் வண்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். முன்பக்க கவர் கழற்றணும், செயின், கைடு, டென்ஷனர், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டும், கழற்றிப் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றார். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்தியது.

மூடியைக் கழற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வேளச்சேரிப் பக்கம் பார்த்த இன்னொரு பெல்ட் வண்டியில், மூடிக்குள் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்து ஒரு கோடு இருந்தது. சீட் கவர் புதுசு, கார்ப்பெட் புதுசு, ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையோ 2023 மிக்ஜாம் புயலையோ அந்த மூடி மறக்கவில்லை. நான் அப்படியே கிளம்பிவிட்டேன்.

சரி, பெல்ட்டின் கெட்ட குணத்தை மறைக்கக் கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் அறும். நிறைய இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான், அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். என் வண்டியில் அதைச் சோதித்துப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை. கிலோமீட்டரைவிட வருஷத்தைக் கவனிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டியிலும் ரப்பர் கிழடாகும், நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆயில் கசிந்து பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும், அதனால்தான் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன். சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றும், அப்படியென்றால் அதையும் கையோடு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி அழ வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறார்கள் என்று டூப்ளிகேட் பெல்ட் வாங்காதீர்கள், பில் கேளுங்கள்.

செயின் அந்த விஷயத்தில் நல்லவன். போவதற்கு முன் கத்தும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கரகரவென்று சில நொடி சத்தம் வந்தால் கவனிக்கணும். ஆனால் விற்பவருக்கும் அது தெரியும். அந்தச் செயின் வண்டியைக் காலை எட்டு மணிக்குப் பார்க்கப் போனேன், பானெட்டில் கை வைத்தால் சுட்டது. "இப்பதான் சார் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்றார்கள். வண்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டீசல் செயின் வண்டியை நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். முதல் ஓனர், வரிசையாக சர்வீஸ் பில், வண்டி நமக்குத் தெரிந்த வீட்டில் நின்றது என்றால் செயினே எடுங்கள், நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். மச்சானுடையது அப்படிப்பட்ட வண்டி, அவன் அப்பா வாங்கினது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஆயில் மாற்றுகிறான், இன்றுவரை சத்தம் இல்லை. என் பானெட்டுக்கு அடியில் மார்க்கரால் பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவன் வரும்போதெல்லாம் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "எக்ஸ்பைரி டேட் எப்போ?" என்று கேட்கிறான்.