புத்தகத் தாளா, பொறித்த வரியா?

இலக்கியத்தை நகையாக்கும் இன்றைய கலைஞர்களிடம் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். ஒன்று, பிடித்த வரியை உலோகத்தில் பொறிப்பது. இது பழைய வழி. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திலும் பிரான்சிலும் மோதிரத்தில் காதல் வரி பொறித்து அணிந்தார்கள்.

இன்னொன்று, புத்தகத்தையே பொருளாக்குவது. லண்டன் கலைஞர் ஜெரமி மே நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒட்டி, செதுக்கி, பளபளப்பாக்கி மோதிரம் செய்கிறார். புத்தகத்தில் அந்தத் தாள்களை வெட்டியெடுத்த குழியிலேயே மோதிரத்தைத் திரும்ப வைத்துவிடுகிறார். அடுக்கின் விளிம்பில் அச்சு மை மெல்லிய கோடுகளாகத் தெரியும், ஆனால் எதையும் படிக்க முடியாது. எனக்கு அதுதான் பிடித்தது: கதை முழுக்க உள்ளே இருக்கிறது, ஒரு சொல்கூட வெளியே வராது. ஒரு புத்தகத்தை வெட்ட மனசு வருமா என்பது வேறு விஷயம்.

தினமும் போட்டுக்கொள்ள என்றால் பொறித்த வரிதான் சரி. 92.5 சதவீத வெள்ளி தேயும், ஆழமில்லாத எழுத்து மங்கும். தமிழ் வரியென்றால் புள்ளிகள்தான் முதலில் அழுக்கடைந்து மறையும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள். மங்கினாலும் மெருகு போடலாம், திரும்பப் பொறிக்கலாம். தாள் மோதிரத்தில் அதெல்லாம் நடக்காது. அளவைப் பெரிதாக்குவது கடினம், தண்ணீரும் வாசனைத் திரவியமும் ஆகாது. கை கழுவும்போதெல்லாம் கழற்றி வைக்கிற பொறுமை உள்ளவர்கள் மட்டும் அதை வாங்கலாம்.