நூறு கிலோ உடம்போடு கார்ட் ஓட்டிய மூன்று வருடம்

தண்டையார்பேட்டையில் வீடு, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை. 2022 ஆகஸ்டில் முதன்முதலாக கார்ட்டில், அதாவது கோ-கார்ட் என்கிற தரையை ஒட்டின சின்ன பந்தய வண்டியில், உட்கார்ந்தபோது என் எடை 104 கிலோ. இப்போது 96. இடையில் வாடகை கார்ட்டில் 140 செஷனுக்கு மேல் ஓட்டியாயிற்று. கடைசி ஒரு வருடமாக மூன்று பேர் கூட்டு சேர்ந்து வாங்கிய 125 சிசி டூ-ஸ்ட்ரோக் கார்ட். "நம்ம உடம்புக்கு இதெல்லாம் சரிப்படுமா" என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில், தாராளமாகச் சரிப்படும். ஆனால் எடையால் எங்கே நேரம் போகிறது, எங்கே போவதில்லை என்று தெரியாமல் முதல் வருடத்தில் பெரும்பகுதியை வீணாக்கினேன். அது உங்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஈசிஆர் பக்கம் ஒரு வாடகை டிராக். கூட வந்த யார்டு நண்பன் 62 கிலோ. டிராக் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க ஏழாம் நம்பர் எடுத்துக்கோங்க, அது புல்லிங் நல்லா இருக்கும்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். நண்பன் 54 வினாடியில் சுற்றினான், நான் 58. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வாடகை கார்ட் சுமார் 150 கிலோ. 65 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தம் 215, நான் உட்கார்ந்தால் 254. அதே 9 குதிரைத்திறன் ஹோண்டா இன்ஜின் இரண்டையும் தள்ள வேண்டும். எனக்குக் கிடைக்கும் வேகமெடுப்பு 15 சதவீதம் குறைவு. ஆகவே நாலு வினாடியும் எடையால் போனது என்று முடிவு கட்டி, சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தேன்.

அந்த முடிவு தப்பு. ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே ஏழாம் நம்பரில் ஒருவர் ஏறினார். ஐம்பது வயதிருக்கும், எடை 98 என்று அவரே சொன்னார். மூன்றாவது சுற்றில் 54.9. நான் அன்றைக்கு 57-ஐ விட்டு இறங்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் போய்க் கேட்டேன். "வண்டி நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சுடுங்க சார். திருப்பிக்கிட்டே பிரேக் புடிக்கிறீங்க, அதான் பின்னாடி வழுக்குது" என்றார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். நாலு வினாடியில் மூன்று வினாடி அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

வளைவில் இரண்டு பின் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் கார்ட்டுக்குக் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுக்கப்பட்டவை. ஆனால் வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவான தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போக வேண்டும். அதனால் வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கப் பின் சக்கரம் தரையிலிருந்து லேசாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் இரண்டு டயரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வேகத்தைத் தின்றுவிடும். சஸ்பென்ஷனும் கிடையாது, வண்டியின் சட்டம் (ஃபிரேம்) முறுக்கிக்கொடுப்பதுதான் சஸ்பென்ஷன் வேலையைச் செய்கிறது. வாடகை கார்ட்டில் பிரேக்கும் பின்னால் மட்டும்தான். திருப்பும்போது பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் விலகும். விலகினால் வேகம் போகும். 62 கிலோ நண்பனுக்குப் போன வேகம் அடுத்த இருபது மீட்டரில் திரும்பிவிடும். நமக்கு அப்படி வராது, அடுத்த வளைவு வரைக்கும் அந்தக் கடனைச் சுமக்க வேண்டும். எடை கூடினவன் மற்றவர்களைவிட அதிகமாக வேகத்தைச் சேமித்து ஓட்ட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அகலமாக நுழைந்து, ஸ்டியரிங்கை ஒரே தடவை திருப்பி, வெளியே வரும்போது வண்டியைத் தாராளமாக ஓட விட்டாலே போதும். இது பழக எனக்கு எட்டு மாதம் ஆனது. அப்போதும் என் எடை நூறுக்கு மேல்தான். நேரம் 55.2-க்கு வந்திருந்தது.

பிறகு 8 கிலோ குறைந்ததில் கிடைத்தது சுற்றுக்கு 0.3 வினாடி. குறையட்டும், நல்லதுதான். ஆனால் உடம்பைக் குறைத்துவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள்.

சீட் விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எனக்கு நிஜமாக அடிபட்டது அதில்தான். 2024 ஜூலையில் கோயம்புத்தூரில் பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய கார்ட்டை வாங்கினோம். அவர் ஒல்லி. அவருடைய ஃபைபர் சீட்டில் நான் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் உட்காரவே முடியும். இறுக்கமாக இருந்தால்தான் வண்டியின் அசைவு தெரியும் என்று எங்கோ கேட்டதை நம்பி அப்படியே ஓட்டினேன். வலது வளைவு ஒவ்வொன்றிலும் உடம்பு இடது பக்கம் போய் சீட்டின் மேல் விளிம்பில் சாயும். நாலாவது செஷனில் மூச்சு இழுத்தால் சுருக்கென்றது. எக்ஸ்ரேயில் இடது விலா எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் தும்மக்கூடப் பயம்.

சீட் இடுப்பைப் பிடிக்க வேண்டும், விலாவை அழுத்தக் கூடாது. உட்கார்ந்த பிறகு விளிம்புக்கும் விலாவுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள், நுழையாவிட்டால் அது உங்கள் சீட் இல்லை. விலாக் கவசம் இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டவே வேண்டாம். ஹெல்மெட்டுக்கு முன்னால் நான் காசு போட்டு வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். ஹெல்மெட்டை டிராக்கிலேயே தருகிறார்கள்.

பெரிய சீட் மாற்றியதும் இன்னொரு தொல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் கேட்காமல் நேரே வழுக்கிக்கொண்டு போனது. டயரையும் அலைன்மென்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. விடை கிடைத்தது எங்கள் யார்டிலேயே. எடை மேடையில் நின்றுகொண்டு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக டிரெய்லர் ஓட்டும் ஓர் அண்ணன் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, லோடு பின்னால குந்திகினா ஸ்டியரிங் லேசாத்தான் இருக்கும். நீதானே லோடு? முன்னால நவுத்து."

அன்று சாயங்காலமே நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடை மெஷினை வைத்து, நான் உட்கார்ந்து, நண்பர்கள் படித்துச் சொன்னார்கள். முன்னால் 39 சதவீதம், பின்னால் 61. கார்ட்டில் வழக்கமாக முன்னால் 43, பின்னால் 57-ஐ ஒட்டி வைப்பார்கள். சீட்டை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, ஒரு சென்டிமீட்டர் இறக்கி, போல்ட்டுக்குப் பெரிய வாஷர் போட்டு முடுக்கினோம். நம் எடைக்குச் சின்ன வாஷர் போட்டால் ஃபைபர் கிழிந்துவிடும். அடுத்த ஞாயிறு முதல் வளைவில் திருப்பினேன், வண்டி சொன்னபடி திரும்பியது. அந்த நிமிடத்துச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல வரவில்லை.

மற்ற மாற்றங்கள் சின்னவை. செயின் ஓடும் பின் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) இரண்டு பல் கூட்டினேன். நேர்ப்பாதையின் கடைசியில் வேகம் கொஞ்சம் குறைந்தாலும், மெதுவான வளைவிலிருந்து எழும்பும்போது இன்ஜின் திணறுவதில்லை. கனமான ஆளுக்கு டயர் சீக்கிரம் சூடாகி உள்காற்றும் ஏறும். அதனால் கூட்டாளிகள் 10 பிஎஸ்ஐ வைத்தால் நான் 9-ல் ஆரம்பிக்கிறேன். அதற்குக் கீழே போனதில்லை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பரில் மழைக்கு பயந்து செஷனை ரத்து செய்யாதீர்கள். ஈரத் தரையில் யாராலும் இன்ஜின் பலம் முழுவதையும் தரையில் இறக்க முடியாது, ஆகவே நமக்கும் ஒல்லியானவர்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. 62 கிலோ நண்பனை நான் முதன்முதலாக முந்தியது அப்படி ஒரு மழை நாளில்தான்.

போட்டிக்குப் போகிறவர்கள் எடை விதியை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்ட் பந்தயத்தில் குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு. ஓட்டுநரையும் வண்டியையும் சேர்த்து நிறுப்பார்கள், குறைந்தால் சீட்டில் ஈயக்கட்டி பூட்ட வேண்டும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் சீனியர் என்கிற பந்தயப் பிரிவில் அது 160 கிலோவை ஒட்டி இருக்கும். வண்டியே 80 கிலோவைத் தாண்டும் என்பதால், 75 கிலோ ஆளுக்கு அது சரியாகப் பொருந்தும். நான் சுமார் 20 கிலோ கூடுதல். அங்கே ஜெயிப்பேன் என்று நினைத்துப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போகிறேன். வாடகை கார்ட் போட்டிகளில் லேசானவர்களுக்கு எடைப்பெட்டி வைத்து எல்லோரையும் சமமாக்கும் இடங்களும் உண்டு, நாம் தொடங்க வேண்டியது அங்கேதான். ஒருமுறை எடைப்பெட்டி உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, அன்று காலை "பெட்டி வரலை சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். 16 பேரில் 14-வதாக வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது ஓட்டுவது பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டையில். காலை ஐந்துக்குக் கிளம்பினால் மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, பைபாஸ், மதுரவாயல் என்று ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏழு மணிக்கு மேல் என்றால் பூந்தமல்லியிலேயே பாதி உயிர் போய்விடும். என் பெரியப்பாவுக்கு இந்த அலைச்சல் இல்லை. அவர் காலத்தில் பந்தயம் நம் பக்கத்தில், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தது. செங்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று பார்த்த கதையை இன்றும் சொல்வார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு வடக்கே அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வியாசர்பாடியில் ஃபுட்பாலும் பாக்ஸிங்கும் வளர்ந்ததற்குக் காரணம் நடந்துபோகும் தூரத்தில் ஆடுகளம் இருந்தது. மாதவரம் பக்கம் ஒரு சின்ன கார்ட் டிராக் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் பெரியப்பாவை டிராக்குக்குக் கூட்டிப் போனேன். 74 வயது. வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு என் சுற்றுகளைப் பழைய டைரியில் குறித்துக்கொண்டே இருந்தார். இறங்கி வந்ததும் டைரியைக் காட்டினார். "அஞ்சாவது சுத்துல இன்னாடா பண்ணே, அதுல மட்டும் முக்கா செகண்டு போச்சு?" அந்தச் சுற்றில் கடைசி வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்திருந்தேன்.