அரசு கேபிளா, டிஷ்ஷா?

ஆட்சி மாறும்போதெல்லாம் சேலத்தில் இந்தக் கேள்வி எழுகிறது: பார்க்கும் செய்திச் சேனல் திடீரென்று மறையாமலிருக்க எந்த இணைப்பு நல்லது?

அரசியல்: அரசு கேபிள் நிறுவனம் 2007-இல் தி.மு.க. ஆட்சியில் பிறந்தது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சி அதற்கு உயிரூட்டி, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. தொடக்கத்தில் சன் குழுமச் சேனல்கள் அதில் இல்லை. யார் கோட்டைக்கு வந்தாலும் சேனல் வரிசை அவர்கள் கைக்குள் இருப்பது எனக்குப் பெருங்கவலை. டிஷ்ஷுக்கு உரிமம் தருவது மத்திய அரசு. அங்கும் பிடி உண்டு. ஆனால் மாநில அரசின் கை நேராக எட்டாது.

செலவு: கேபிள் மலிவு.

மழை: ஏற்காட்டில் கனமழை கொட்டினால் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கேபிளில், மலைப்பாதையோரம் சில்வர் ஓக் கிளை முறிந்து வயரில் விழுந்தால், ஆள் வந்து இணைக்கும்வரை திரை கறுப்புதான்.

உள்ளூர்: கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை உள்ளூர்க் கேபிள் சேனலில்தான் தேட வேண்டும்.

திருவிழாவும் சிக்கனமும் முக்கியம் என்றால் கேபிள். தேர்தல் காலத்தில் எல்லாத் தரப்பையும் கேட்டே தீர வேண்டும் என்பவர்கள் டிஷ் வாங்குங்கள்.