சோனியா கேனானா ரிக்கோவா: மூணு சின்ன கேமரா, மூணு விதமான தலைவலி

அக்கா பொண்ணு காலேஜ் கடைசி வருஷம். போன மாசம் போன் பண்ணி "மாமா, கேமரா வாங்கப் போறேன், ஜி7எக்ஸ் நல்லாருக்குமா"ன்னு கேட்டா. முடிவு பண்ணிட்டுதான் கேக்குறாள்னு குரல்லயே தெரிஞ்சுது, ரீல்ஸ்ல வர்ற பாதி பேர் கையில அதுதானே இருக்கு. ஆனாலும் கேட்டுட்டாளேன்னு உக்காந்து யோசிச்சேன். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 என்கிட்ட பல வருஷமா இருக்கு, ரிக்கோ ஜிஆர் 3 மச்சானோடது, ஒரு வாரம்னு வாங்கிட்டு வந்து நாலு மாசம் வச்சிருந்தேன், கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 ஆபீஸ் நண்பரோடது, ரெண்டு கல்யாணத்துக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போனேன். அதனால இந்த மூணைப் பத்தி மட்டும் சொல்றேன்.

போன் இருக்கே, எதுக்கு கேமரான்னு கேக்குறவங்க சொல்றதும் நியாயம்தான். ராத்திரி நேரத்துல ஏழெட்டு படத்தை எடுத்து ஒண்ணாக்கி போன் குடுக்கிற படம் பல தடவை கேமராவை விட பளிச்னு இருக்கும். ஆனா அந்த போர்ட்ரைட் மோடுல தலையில மல்லிப்பூ வச்சவங்களை எடுத்துப் பாருங்க, சரத்துல வெளிய தொங்குற நாலு பூவை பேக்கிரவுண்டுன்னு நினைச்சு கரைச்சு விட்டுடும். அது கணக்குப் போட்டு வர்ற மங்கல், லென்ஸ்ல இருந்து வர்றது இல்ல.

இப்போ சென்சார், அதாவது லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை வாங்கி படமாக்குற சில்லு. சோனியும் கேனானும் 1 இன்ச் சென்சார்னு சொல்லுவாங்க, அளந்தா 13.2 எம்எம்க்கு 8.8 எம்எம், மூலைக்கு மூலை வச்சாலும் 16 எம்எம் தாண்டாது. மீதி எங்க போச்சுன்னா, அந்தக் கால டிவி கேமராக்குள்ள இருந்த குழாயோட வெளி விட்டத்தை வச்சு பேர் சொல்ற பழக்கம், குழாய் போயும் பேர் போகல. இருந்தாலும் பழைய சாதா டிஜிட்டல் கேமரா சென்சாரை விட இது நாலு மடங்கு பெருசு. ரிக்கோவுல இருக்கிறது ஏபிஎஸ்-சி, 23.5க்கு 15.6, அதாவது லென்ஸ் மாத்துற பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா பலதுல இருக்கிற அளவு, 1 இன்ச்சை விட மூணு மடங்கு. அதை 257 கிராம் உடம்புக்குள்ள வச்சிருக்கான். சோனி 290 கிராம், கேனான் 319. மூணுலயும் பெரிய சென்சார் வச்சதுதான் எடையும் கம்மி. எப்படின்னா ஜூமே கிடையாது, 28 எம்எம் ஒண்ணே ஒண்ணு (லென்ஸ்ல இந்த எண் கூடக் கூட தூரத்துல இருக்கிறது கிட்டத் தெரியும்), கிட்ட வேணும்னா நீ நடந்து போ.

அப்போ ரிக்கோதான் இருட்டுல ராஜாவான்னா, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ரிக்கோ லென்ஸ் எஃப்2.8, மத்த ரெண்டும் வைடுல, அதாவது ஜூம் பண்ணாம இருக்கும்போது, எஃப்1.8. இந்த எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸ் ஓட்டை பெருசுன்னு அர்த்தம். 1.8ல கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வெளிச்சம் உள்ள போகும், சென்சார்ல கிடைச்ச மூணு மடங்கு லாபத்துல பெரும்பகுதி இங்கயே போயிடுது. ஆனா சோனி அந்த 1.8ஐ வைடுல மட்டும்தான் குடுக்கும், கொஞ்சம் ஜூமை தள்ளினாலே 2.8க்கு இறங்கிடும், கேனான் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதுமட்டும் இல்ல, சோனி 70 எம்எம்லயே நின்னுடும், கேனான் 100 எம்எம் வரைக்கும் அதே 2.8ல போகும். மண்டபத்துல கடைசி வரிசை நாற்காலியில இருந்து தாலி கட்டுறதை எடுக்கணும்னா இந்த 30 எம்எம் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முன்னாடி வீடியோக்காரர் முதுகுதான் வரும்னு வைங்க, அது வேற கதை.

பிளாஷ்ல சோனியை நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். மேல எழும்புற அந்த குட்டி பிளாஷை ஆள்காட்டி விரலால பின்னாடி சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டா வெளிச்சம் நேரா மூஞ்சியில அடிக்காம சீலிங்ல பட்டு மெதுவா இறங்கும், பந்தியில இலை முன்னாடி உக்காந்திருக்கிற தாத்தா பாட்டியை இப்படி எடுத்தா நெத்தியில எண்ணெய் மினுக்கு இல்லாம அவ்வளவு அழகா இருக்கும். வெள்ளை சீலிங்கா இருக்கணும் அவ்வளவுதான். ஒரு தடவை மேல சிவப்பு ஷாமியானா கட்டியிருந்தாங்க, நான் கவனிக்கல, மொத்த குடும்பமும் குங்குமத்துல குளிச்ச மாதிரி வந்துடுச்சு. ரிக்கோ ஜிஆர் 3ல பிளாஷே கிடையாது, முந்தின ஜிஆர் 2ல இருந்துச்சு, இதுல எடுத்துட்டாங்க. மேல தனியா மாட்டிக்கலாம், மாட்டினா அப்புறம் பாக்கெட்ல எப்படி போகும்?

கையில பிடிக்கிற விஷயத்துல சோனி சோப்பு டப்பா மாதிரி வழுக்கும், பிடிமானம் தனியா விக்கிறாங்கன்னாலே புரிஞ்சுக்கலாம். வியூஃபைண்டர், அதாவது கண்ணை வச்சுப் பாக்குற குட்டி ஜன்னல், இருக்கிறது இதுல மட்டும்தான், உச்சி வெயில்ல ஸ்கிரீன் தெரியாத நேரத்துல அது சாமி மாதிரி. ஆனா மேல தட்டிவிட்டு, அப்புறம் விரலால கண்ணு பக்கம் இழுத்து, எடுத்து முடிச்சு உள்ள தள்ளினா கேமராவே ஆஃப் ஆயிடும், இதை யோசிச்ச ஆளு யாருன்னு தெரியல. டச் ஸ்கிரீனும் கிடையாது. கேனானுக்கு நல்ல பிடிமானம் இருக்கு, டச் இருக்கு, கலரும் மாநிற முகத்துக்கு கொஞ்சம் இதமா வருதுன்னு என் அபிப்ராயம்.

ரிக்கோ கதை தனி. சொடுக்குப் போடுறதுக்குள்ள ஆன் ஆயிடும், கம்பெனி கணக்குல 0.8 செகண்ட். ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, தூரத்தை முன்னாடியே 2 மீட்டர்னு வச்சுட்டு எஃப்8ல விட்டா ஒரு மீட்டர்ல இருந்து சுமார் 20 மீட்டர் வரைக்கும் ஷார்ப்பா இருக்கும், பட்டனை ஒரே அமுக்கு, ஃபோகஸ் தேடுற பேச்சே இல்ல. உழவர் சந்தையில தராசுல தக்காளியை கொட்டுற அந்த ஒரு நொடி, உருண்டு கீழ விழப் போற தக்காளியோட சேத்து எனக்குக் கிடைச்சது இதுலதான். ஆனா சாயங்காலம் ஆட்டோஃபோகஸை நம்பினா முன்னாடி பின்னாடி போய்ட்டு வந்துதான் நிக்கும், வீடியோவுக்கும் இதை யாரும் வாங்க வேணாம்.

வீடியோன்னதும் அக்கா பொண்ணு ஞாபகம். அவ கேட்டதே அதுக்குத்தான். ஸ்கிரீனை மேல திருப்பி தன்னையே பாத்துக்கிட்டு பேசுறது சோனி, கேனான் ரெண்டுலயும் முடியும். ரெண்டுமே 1080பி வரைக்கும்தான், வெளி மைக் மாட்ட ஓட்டை ரெண்டுலயும் இல்ல. 4கேயும் மைக்கும் வேணும்னா ஜி7எக்ஸ் மார்க் 3 (2019ல வந்தது) பக்கம் போகணும், ஆனா அதுலயும் ஃபோகஸ் முறை பழசுதான், ஆள் நகர்ந்தா சில சமயம் பின்னாடி சுவத்தைப் பிடிச்சுக்கும். இதை சொன்னதும் "அதெல்லாம் எடிட்ல பாத்துக்கலாம் மாமா"ங்குறா. ஃபோகஸ் போனதை எந்த எடிட்ல கொண்டு வர்றது!

பேட்டரி மூணுலயும் சுமார் ரகம், கம்பெனிக் கணக்கு சோனிக்கு 320 படம், கேனானுக்கு 265, ரிக்கோவுக்கு வெறும் 200. எதை வாங்கினாலும் கூட ஒரு பேட்டரிக்கு காசு ஒதுக்கிடுங்க.

என்னை ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோன்னா ரிக்கோவைத்தான் எடுப்பேன், நாலு மாசம் திருப்பித் தராததே அத்தாட்சி. அவளுக்கு சொன்னது கேனான்தான், வீட்டு விசேஷம், ஃப்ரெண்ட்ஸ், வீடியோ எல்லாத்துக்கும் ஒரே கேமரான்னா அது ஒத்து வரும். மார்க் 2வே போதும், மிச்சக் காசுல டிரைபாட் வாங்குன்னேன்.

செகண்ட் ஹேண்டா வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். வெளிய வந்து உள்ள போற லென்ஸ்தான் இந்த ஜாதி கேமராவுக்கே உயிர்நிலை. பல வருஷம் முன்னாடி என் பழைய காம்பாக்ட் ஒண்ணை தனுஷ்கோடி மணல்ல துண்டு மேல வச்சுட்டு குளிக்கப் போனேன், தப்பு என்னுதுதான், திரும்பி வந்து ஆன் பண்ணா கரகரன்னு ஒரு சத்தம், பாதியில நின்ன லென்ஸ் நின்னதுதான். ரிப்பேர் கடையில சொன்ன ரேட்டுக்கு புதுசே வாங்கியிருக்கலாம். அதனால ஆன் ஆஃப் பத்து தடவை, ஜூம் இருந்தா அதையும் முழுசா ஓட்டி, காதுகிட்ட வச்சு கேளுங்க. ஜிஆர் 3ல உள்ள போய் சென்சார் மேல தூசி படியறது உலகமறிஞ்ச குறை, லென்ஸை கழட்டி ஊதவும் முடியாது. எஃப்16 வச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து பெருசாக்கிப் பாத்தா கரும்புள்ளி இருந்தா தெரிஞ்சிடும், மத்த ரெண்டுலயும் எஃப்11 வரைக்கும்தான் போகும், அதுல பாருங்க.

அக்கா பொண்ணு ஞாயித்துக்கிழமை ஒரு மார்க் 2 பாக்கப் போறா. காலையில வெளிச்சம் இருக்கும்போதே போ, மேகமில்லாத வானமா பாத்து எடுன்னு சொல்லியிருக்கேன்.