பாப்ஸ் பர்கர்ஸ்: டிபன் கடை வீட்டுப் பையன் எழுதுற ரிவ்யூ

2011ல ஆரம்பிச்ச கார்ட்டூனுக்கு இப்ப போய் ரிவ்யூவான்னு கேக்காதீங்க, நான் போன கோடையிலதான் பாக்கவே ஆரம்பிச்சேன். வேலூர் வெயில் தெரியும்ல, மத்தியானம் ஷட்டர பாதி இறக்கிட்டு ஃபேன் கீழ படுத்தா தூக்கமும் வராது, அந்த கேப்ல போன்ல ஒண்ணு ரெண்டுன்னு பாத்து பாத்து கடைசில இதே கார்ட்டூனோட சினிமா வரைக்கும் வந்து நின்னுச்சு. எங்களுது சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு சந்துல சின்ன டிபன் கடை. நைனா அடுப்புல, அம்மா கல்லால, நான் லீவு நாள்ல சப்ளை. அதனால இந்த ரிவ்யூ ஒரு பக்கமா சாஞ்சிதான் இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. பாப் பெல்ச்சர்னு ஒரு மீசைக்காரர், கடலோர ஊர்ல பர்கர் கடை, மாடியில வீடு. பொண்டாட்டி லிண்டா, பசங்க டீனாவுக்கு 13, ஜீனுக்கு 11, லூயிஸுக்கு 9. பக்கத்து கடை பொணம் எரிக்கிற இடம், எதிர்ல ஜிம்மி பெஸ்டோன்னு ஒருத்தனோட பீட்சா கடை. டைட்டில்லயே பாருங்க, திறப்பு விழா, தீ புடிச்சு மறு திறப்பு, எலி வந்து மறுபடியும் மறு திறப்பு, அப்புறம் கார் வந்து கம்பத்துல மோதி இன்னொரு வாட்டி. இத பாத்த உடனே இவன் நம்மாளுடான்னு தோணிடுச்சு. மொத எபிசோட்ல இவங்க பர்கர்ல மனுஷக் கறி கலக்குறாங்கன்னு புரளி கிளம்பும், கிளப்பி விட்டதே கடைசிப் பொண்ணு லூயிஸ். பிரியாணி கடைங்கள பத்தி நம்ம பக்கம் வராத புரளியா? இதுல இன்னொரு தமாஷ் இன்னான்னா, இந்த கார்ட்டூன உருவாக்குன லோரன் பூச்சார்ட் மொதல்ல யோசிச்ச குடும்பமே நெஜமா மனுஷக் கறி தின்ற குடும்பமாம், அப்புறம் மாத்திட்டு புரளிய மட்டும் வெச்சிகினாங்க. நல்ல வேள.

சரி, நான் சொல்ல வந்தது ஆளுங்கள பத்தி. இந்த மாதிரி கார்ட்டூன்ல யாருக்கும் வயசு ஏறாது. சிம்ப்சன்ஸ்ல பார்ட்டுக்கு 1989லயும் 10 வயசு, இன்னிக்கும் 10 வயசு. டீனாவும் மொத சீசன்ல 13வது பர்த்டே கொண்டாடிட்டு அங்கயே நின்னுட்டா. வயசே ஏறலன்னா ஆளு எங்க வளர்றதுன்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. பாக்க பாக்க புரிஞ்சது, இங்க யாரோட ஆசையும் மாறுறது இல்ல, ஆனா ஒருத்தனுக்கு இன்னா வேணும்னு வீட்ல இருக்குற மத்தவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா வெளங்குது. வளர்ச்சி அங்கதான் இருக்கு.

அந்த 13வது பர்த்டே எபிசோடயே எடுத்துக்கோங்க. பார்ட்டிக்கு காசு இல்லாம பாப் ராத்திரில டாக்சி ஓட்டுவாரு. டீனாவுக்கு ஜிம்மி பெஸ்டோவோட பையன் மேல ஒரு இது, அவன் பார்ட்டிக்கு வரணும்னா உன் மீசைய எடுன்னு அப்பன்காரன் சொல்லுவான், இவரும் எடுத்துடுவாரு. இத நான் பாக்கும்போது நைனா பின்னாடி நின்னுகினு இருந்தாரு, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, மீசை போனது மட்டும் தெரிஞ்சுது. இன்னாத்துக்குடா எடுத்தான்னாரு, சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, "எதிர் கடைக்காரன் கேட்டு எடுக்கக் கூடாதுடா, பொண்ணு கேட்டிருந்தா எடுக்கலாம்"னாரு. ஆனா பொண்ணு கேக்கவே இல்லையே, கேக்காமயே தெரிஞ்சிகினான்ல அதான் விஷயம்னு நான் சொல்ல, அப்பவும் அவன் கேட்டது கேட்டதுதானேன்னு அவரு சொல்ல, சாயங்காலம் கடை தெறக்குற வரைக்கும் ஓடுச்சு அந்த சண்டை.

டீனாவ மொதல்ல டேனியல்னு ஒரு பையனாத்தான் வரைஞ்சிருந்தாங்களாம். பையனாவே இருந்திருந்தா வழக்கமான விடல பையன் ஜோக்கோட முடிஞ்சிருக்கும். பொண்ணா மாத்தினதால வயசுக்கு வர்ற கொழப்பத்த வெக்கப்படாம, அந்த இழுவ குரல்ல அவளே சொல்றா. (குரல் குடுக்குறது டான் மின்ட்ஸ்னு ஒரு ஆம்பள, எனக்கே ரொம்ப லேட்டாதான் தெரியும்.) ஆனா சின்னப் பசங்கள பக்கத்துல உக்கார வெச்சுகினு பாக்காதீங்க, அவ நோட்டுல எழுதுற கதைங்களுக்கு நீங்க அர்த்தம் சொல்லி மாளாது.

என்ன ரொம்ப புடிச்சு ஆட்டுனது 2014ல வந்த எபிசோடு, பாப் அவங்க அப்பா கடைக்கு போறது. அப்பாவுக்கும் ஒரு பழைய டைனர், வருஷக்கணக்கா அதே மெனு. பையன் புதுசா ஒரு பர்கர் போட்டா அதுக்கு மதிப்பே இருக்காது. சேந்து கடைய நடத்தலாம்னு அப்பா கூப்பிட்டப்ப பாப் கஸ்டமருங்க முன்னாடியே மாட்டேன்னுட்டு வெளிய வந்துடுவாரு. பாப்புக்கு காசு ஆசை கம்மி, தினம் போர்டுல ஒரு புது பர்கர் பேரு எழுதணும், அத ஒருத்தனாவது ரசிச்சு சாப்பிடணும், அவ்ளோதான். அந்த போர்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இந்த எபிசோட்ல தெரியும். அதே சமயம் அந்தக் கெழவனுக்கும் ஒரு நியாயம் இருக்கு, பொண்டாட்டி செத்து போயி ஒத்த ஆளா கடையையும் பையனையும் பாத்தவரு.

எனக்கு ஏன் குத்துச்சுன்னா, எங்க சந்துல பாதி போர்டு பெங்காலில இருக்கும், வைத்தியத்துக்கு கொல்கத்தாலேர்ந்து வந்து மாசக்கணக்குல தங்குறவங்கதான் கஸ்டமர்ல பாதி. கடுகு எண்ணெய்ல மீன் கொழம்பு போடலாம் நைனான்னு நான் சொல்லாத நாள் இல்ல. அவரு நமக்கு கையில வர்றத போடுவோம்னுட்டாரு. நானும் ஒரு நாள் நாலு பேரு சாப்ட்டுகினு இருக்கும்போதே, இட்லி குண்டானோடவே இருங்கன்னு சொல்லிட்டு காட்பாடி மாமா வீட்டுக்கு போயிட்டேன், பத்து நாள் ஆச்சு திரும்பி வர. இந்த எபிசோட அவர் கூட பாக்கல, தனியாதான் பாத்தேன். மீன் இன்னும் வரல, அத விடுங்க.

லூயிஸ் விஷயத்துக்கு வரேன். முயல் காது வெச்ச பிங்க் குல்லாய எப்பவுமே கழட்டாது அந்தப் பொண்ணு. ஊரையே ஆட்டி வெக்கிறது அந்தக் குல்லா போனா தனியா நிக்க பயப்படும்னு ரொம்ப வருஷம் ஜாடையாத்தான் காட்டுவாங்க. 2022 சினிமாலதான் அந்தக் குல்லா கதைய சொல்றாங்க, அதுக்கும் செத்துப் போன பாப்போட அம்மாவுக்கும் ஒரு தொடர்பு வெச்சிருக்காங்க. சொல்லி கெடுக்க மாட்டேன். 2022 கிறிஸ்துமஸ் எபிசோடும் பாருங்க, பசங்க மூணு பேருக்கும் ஒரே நாள்ல ப்ரோக்ராம், லூயிஸ் தன்னுது முக்கியம் இல்லன்னு சொல்லிட்டு லைப்ரரில தன் கவிதைய படிக்க போவும், நெஜமாவே முக்கியம் இல்லையான்னு பாப்புக்கு ஒறைக்கிறதுதான் கதை.

குறைன்னா ஜீன். வந்ததுலேர்ந்து கீபோர்டு, தீனி, குசு ஜோக்கு. மத்த ரெண்டு பேருக்கும் இருக்குற ஆழம் இவனுக்கு எப்பவாவதுதான் கெடைக்குது. நடு சீசன்கள்ல சுத்தி சுத்தி அதே இடத்துக்கு வர்ற எபிசோடுங்க நெறைய, தள்ளி தள்ளி பாத்தேன். பாட்டு வேற, லிண்டா எதுக்கெடுத்தாலும் பாடும், மொதல்ல கடுப்பாச்சு. அப்புறம்தான் இந்தம்மா பாடலன்னா அந்தக் கடை என்னிக்கோ மூடியிருக்கும்னு தெரிஞ்சுது. எங்கம்மா பாடாது, ஆனா கல்லால உக்காந்துகினு வர்றவங்க எல்லார் ஆபரேஷன் கதையும் கேக்கும், பாதி பேரு அதுக்காகவே மறுபடி வருவாங்க.

சினிமாவ மட்டும் கடைய சாத்தினப்புறம் ராத்திரி டிவில போட்டு மூணு பேருமா பாத்தோம், நான் நடு நடுவுல தமிழ்ல சொல்லிகினே இருந்தேன். கடை வாசல்ல ரோடு பெரிய பள்ளமா உள்ள போயிடும், கஸ்டமர் வர முடியாது, அந்தப் பக்கம் பேங்க் லோனுக்கு ஏழு நாள் கெடு. எங்க சந்துலயும் பைப்பு போடுறேன்னு தோண்டிட்டு வாரக்கணக்குல அப்படியே விட்டுட்டு போனாங்க, பலகை மேல நடந்துதான் வந்து சாப்ட்டாங்க ஜனங்க. பள்ளத்துல எலும்புக்கூடு கெடைக்குது, கொலைகாரன தேடுறாங்க, பாட்டு, டான்ஸ், எவ்ளோ நடக்குது. நைனா கடைசி வரைக்கும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "பள்ளத்த மூடுனானுங்களா இல்லையா?"